ஒரு முகம்... பன்னிரண்டு கேமரா!

வாரக்கடைசி மாடல் ஷூட்களில் எடுக்கிற படங்கள் யாருக்குச் சொந்தம்? எங்கே போகின்றன?

வடபழனியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முன்பு டப்பிங் தியேட்டராக இருந்த கூடத்தில் சாம்பல் நிறப் பேப்பர் ரோல் ஒன்று சுவரிலிருந்து இறங்கித் தரை வரை படர்ந்திருக்கிறது. அதன் நடுவே வெறுங்காலுடன், கடுகு நிறக் கைத்தறிப் புடவையில் ஒரு பெண். எதிரே அரைவட்டமாக 12 பேர். கழுத்து ஐ.டி. கார்டைக் கழற்ற மறந்த சாஃப்ட்வேர்காரர் ஒருவர், கல்யாண போட்டோகிராஃபர்கள் நாலைந்து பேர், பேங்க்கில் ரிட்டையரான பெரியவர், மீதிப் பேர் விஸ்காம் மாணவர்கள்.

"மேடம், இங்க பாருங்க."

"மேடம், லெஃப்ட்ல ஒரு லுக்."

"சின் கொஞ்சம் டவுன்... அவ்வளவுதான், அப்படியே இருங்க."

ஒரே நேரத்தில் மூன்று திசை. எந்தக் கேமராவைப் பார்ப்பது? ஏற்பாடு செய்த இளைஞர் கைதட்டுகிறார். "அண்ணா, ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம். ட்ரிக்கர் யார் கையில இருக்கோ அவர் மட்டும் பேசுங்க. மத்தவங்க கேமராவ இறக்கிடுங்க, ப்ளீஸ்."

ட்ரிக்கர் என்று அவர் சொல்வது உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. அதைக் கேமரா தலையில் மாட்டினால்தான் தள்ளி நிற்கும் ஃப்ளாஷ் வெடிக்கும். கூடத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் கேனானுக்கென்று வாங்கியது. சோனி, நிக்கான்காரர்கள் கைக்குப் போனால் அதன் தானியங்கி வசதிகள் படுத்துவிடும். ஃப்ளாஷ் வெறுமனே வெடிக்கும், அது போதும். ஒரு மாணவர் ஷட்டர் வேகத்தை 1/500-க்கு ஏற்றிவைத்துவிட்டு, படத்தில் பாதி ஏன் கறுப்பாக விழுகிறது என்று முழிக்கிறார். பக்கத்து ஆள் அவர் கேமராவை வாங்கி 1/160-க்கு இறக்கிக் கொடுக்கிறார்.

அந்தப் பெண்ணுக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தால் வேறு காட்சி. பிளவுஸ் இரண்டு சைஸ் பெரியது. துணி காயப்போடுகிற கிளிப்புகள் நான்கைப் போட்டு இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. மேக்கப் அக்கா ஐந்து நிமிடத்துக்கொரு முறை டிஷ்யூவால் நெற்றியை ஒற்றிவிட்டுப் போகிறார். ஏ.சி. ஓடுகிறது என்று பெயர்.

சாயங்காலத்துக்குள் ஆயிரக்கணக்கான ஃபிரேம்கள் 12 மெமரி கார்டுகளில் ஏறி மாடியிறங்கிப் போய்விடும். அந்தப் பெண்ணின் கையில் ஒரு படம்கூட இருக்காது.

அறையில் யார் டீச்சர்?

கல்யாண சீசன் இல்லாத மாதங்களில் சென்னை, கோவை, புதுச்சேரி என்று எங்கே பார்த்தாலும் இப்படி ஒரு 'மாடல் ஷூட் வொர்க் ஷாப்' நடக்கிறது. காரணம் தேடி அலைய வேண்டாம். கல்யாண ஆல்பம் இன்றைக்கு ஃபேஷன் பத்திரிகையின் தோரணையைக் கேட்கிறது. மணப்பெண்ணுக்குப் பிடித்த படங்களை முன்கூட்டியே இன்ஸ்டாகிராமில் சேர்த்துவைத்து, 'இதே மாதிரி வேணும்' என்று நீட்டுகிறார்கள். போட்டோகிராஃபருக்கு அந்த ஒளியைப் பழக ஓர் இடம் வேண்டும். ஆன்லைனில் புடவை விற்கும் பொட்டிக்குக்குப் படம் வேண்டும். மேக்கப் கலைஞருக்குத் தன் கைவண்ணத்தைக் காட்ட முகம் வேண்டும். மாடலாக நினைக்கும் பெண்ணுக்கு போர்ட்ஃபோலியோ வேண்டும். நான்கு தேவைகளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் அடக்கிவிடுவதுதான் 'கொலாப்'.

பணம் எப்படி ஓடுகிறது? கேமராவோடு வருபவர்கள் கட்டணம் கட்டுகிறார்கள். அதில் ஸ்டுடியோ வாடகை, லைட் வாடகை, சாப்பாடு போக மீதி ஏற்பாட்டாளருக்கு. அனுபவமுள்ள மாடல் என்றால் ஒரு தொகை உண்டு. புதுமுகம் என்றால் 'படம் தருவோம்' என்ற வாக்கு. மேக்கப் கலைஞருக்கும் பெரும்பாலும் அதே வாக்குதான். 12 பேர் தலையாட்டினாலும் திங்கட்கிழமை ஆனதும் அவரவர் வேலை அவரவருக்கு. எடிட் செய்து அனுப்புபவர்கள் சிலர்; வாட்டர்மார்க் போட்டு, வாட்ஸ்அப்பில் நசுங்கிய படமாக அனுப்புபவர்கள் சிலர்; பதிலே போடாதவர்கள் மிச்சம்.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. போஸ்டரில் 'மென்ட்டார்' என்று போட்டோகிராஃபர் பெயர் இருக்கும். ஆனால் அறையில் நிஜமாகப் பாடம் நடத்துவது மாடல். ஃப்ளாஷ் வெடித்து அடுத்த முறைக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ள எத்தனை நொடி ஆகிறது என்று மனதில் கணக்கு வைத்து, அந்த இடைவெளியில் தோளை ஓர் அங்குலம் திருப்பி, அடுத்த வெடிப்புக்குச் சரியாக வந்து நிற்பார். கன்னத்தில் விழும் சூட்டை வைத்தே லைட் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வார். கை எங்கே வைப்பது என்று புதியவர் தடுமாறினால், 'சார், நான் மூணு மாதிரி பண்றேன், பிடிச்சதை எடுத்துக்கங்க' என்று அவரே வழிவிடுவார். அன்றைக்குக் கட்டணம் கட்டியவர் கற்றுக்கொண்டு போவதில் பாதி இதுதான்.

('அவர்' என்று பெண்ணை வைத்தே எழுதிக்கொண்டு போகிறேன். ஆண் மாடல்களும் திருநங்கை மாடல்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆண் மாடல் என்று அறிவித்தால் இடம் நிரம்பாது என்பது ஏற்பாட்டாளர்கள் எல்லோருக்கும் தெரியும். அதுவே நிறையச் சொல்கிறது.)

நியூயார்க்கிலும் இதுதான் நடந்தது

கட்டணம் கட்டிக் கும்பலாக ஒரு மாடலைப் படமெடுப்பது இன்ஸ்டாகிராம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் 'கேமரா கிளப்'கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காசு போட்டு மாடலை அழைத்துப் போய் எடுப்பார்கள். அப்படி நின்றவர்களில் ஒருவர் பெட்டி பேஜ். அந்தப் படங்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் புத்தகமாக, போஸ்டராக விற்றுத் தள்ளின. அவர் கைக்குக் காசு வரத் தொடங்கியது முதுமையில்தான்.

உச்சத்தில் இருந்தவர் கதையும் கேளுங்கள். 1955-ல் பாரிஸ் சர்க்கஸ் ஒன்றின் யானைகளுக்கு நடுவே டியோர் கவுனில் டோவிமா என்ற மாடலை நிறுத்தி ரிச்சர்ட் அவெடன் எடுத்த படம், ஃபேஷன் போட்டோ வரலாற்றில் முதல் வரிசையில் இருப்பது. அதன் பெரிய பிரின்ட் ஒன்று 2010-ல் பாரிஸ் ஏலத்தில் 8,41,000 யூரோவுக்குப் போனது. டோவிமா 1990-ல் இறந்தார். அதற்கு முன் ஃப்ளோரிடாவில் ஒரு பீட்சா கடையில் வாடிக்கையாளர்களை வரவேற்கும் வேலையில் இருந்தார்.

அழுத்தியவருக்கே சொந்தம்

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். புடவை மடிப்பைச் சரிசெய்தவர், புருவம் வரைந்தவர், நான்கு மணி நேரம் நின்றவர் யாருக்கும் அதில் பங்கு கிடையாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். வடபழனிக் கூடத்தில் ஒரே புடவை, ஒரே முகம். உரிமையாளர்கள் மட்டும் 12 பேர்.

அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பலருக்குத் தெரியாது. ஒருவர் காசு கொடுத்து, 'எனக்காக எடுங்கள்' என்று சொல்லி எடுக்கப்படும் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். மாடலே போட்டோகிராஃபருக்குப் பணம் கொடுத்து போர்ட்ஃபோலியோ எடுத்துக்கொண்டால் படம் மாடலுக்கு. (கல்யாணப் படமும் இப்படித்தான். கட்டணம் கொடுத்த வீட்டாருடையது. எழுதி வாங்காமல் அதைத் தன் பக்கத்தில் விளம்பரமாகப் போடும் ஸ்டுடியோக்காரர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிப்பது நல்லது.) வொர்க் ஷாப்பில் போட்டோகிராஃபருக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, அவர்தான் கொடுக்கிறார். ஆகவே படம் அவருடையது.

படம் அவருடையதாக இருக்கட்டும், முகம்? ஆறு மாதம் கழித்து, பெயரே கேள்விப்படாத ஊரில் ஒரு பியூட்டி பார்லர் போர்டில் அந்த முகம் தொங்கினால்? இதற்குத் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கே துணை. கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட முனைந்த 'நக்கீரன்' பத்திரிகை வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதும் அந்தரங்க உரிமையை மீறுவதுதான் என்று சொல்லிவைத்தது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாகவே அறிவித்தது.

ஆனால் கோர்ட் வாசலை மிதிக்க யாரால் முடிகிறது? 2015-ல் தன் பெயரை, பாணியை வைத்து எடுத்த இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். 'பார்த்தவுடன் மக்கள் அடையாளம் காண்கிறார்கள்' என்பது அந்த வழக்கின் பலம். முதல் ஷூட்டுக்கு வந்த கல்லூரிப் பெண்ணை யார் அடையாளம் காண்பார்கள்? அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் காண்பார்கள், சொந்தக்காரர்கள் காண்பார்கள். அவளுக்கு வரும் சேதாரமெல்லாம் அந்த வட்டத்துக்குள்தான். வழக்காட அது போதுமானதாக இருப்பதில்லை.

ஆகவே எல்லாம் அந்த ஒரு தாளில் வந்து நிற்கிறது. மாடல் ரிலீஸ் என்கிற சம்மதப் படிவம். பல இடங்களில் அது இணையத்திலிருந்து இறக்கிய அமெரிக்கப் படிவம். உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், எந்த ஊடகத்திலும், எந்த மாற்றமும் செய்து பயன்படுத்தலாம் என்று இருக்கும். மேக்கப் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் பேனாவைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். இன்னொன்று: கையெழுத்துப் போட்டவருக்கு 18 வயது ஆகவில்லையென்றால் அந்தத் தாள் செல்லாது. மைனரின் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-லேயே முடிவான சங்கதி. பெற்றோர் வந்து, படித்து, கையெழுத்திட வேண்டும்.

▇ பெட்டிச் செய்தி: தாளில் என்ன இருக்க வேண்டும்?
படம் எதற்கு (போர்ட்ஃபோலியோ மட்டுமா, விற்பனைக்கும் உண்டா), எவ்வளவு காலத்துக்கு, பொட்டிக் போன்ற மூன்றாமவருக்குக் கொடுக்கலாமா, எத்தனை படம் எந்தத் தேதிக்குள் மாடலுக்கும் மேக்கப் கலைஞருக்கும் வரும், எந்த உடைகள், பதிவில் யார் யார் பெயர் போடப்படும், வெளியிடும் முன் மாடல் எதையெல்லாம் விலக்கலாம். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். கையெழுத்தான பிரதி ஒன்று மாடலிடமும் இருக்க வேண்டும்.

உடை மாற்ற ஓர் அறை

ஸ்டுடியோ என்றால் கதவுள்ள அறையாவது இருக்கும். சிக்கல் வெளியே போகும்போது. ஈ.சி.ஆர். கடற்கரை, புதுச்சேரியின் மஞ்சள் சுவர்த் தெருக்கள், காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய வீடுகள் என்று பஸ் பிடித்துப் போகும் ஷூட்களில் நான்கு உடை மாற்ற வேண்டும் என்றால் எங்கே மாற்றுவது? காரின் பின் சீட்டில், கண்ணாடிகளுக்கு நியூஸ்பேப்பர் ஒட்டி. அல்லது இரண்டு பெண்கள் பெட்ஷீட்டை விரித்துப் பிடிக்க, நடுவில். பத்து அடி தள்ளி டெலி லென்ஸோடு ஒரு டஜன் பேர்.

அந்த மறைப்புக்குள் எடுக்கப்படும் ஒரே ஒரு கிளிக் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஒரு வருடத்துக்குக் குறையாத, மூன்று வருடம் வரையிலான சிறை. அந்தரங்கமான நிலையில் படமெடுக்கச் சம்மதித்தவர் பிறருக்குப் பகிரச் சம்மதிக்காதபோது பகிர்ந்தாலும் அதே பிரிவுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஈ பிரிவும் கூடவே நிற்கிறது. சமூக வலைத்தளத்தில் ஏறிவிட்டால்? நிர்வாணப் படமோ, மார்பிங் செய்த படமோ, சம்பந்தப்பட்டவர் புகார் கொடுத்தால் அகற்ற 2021 விதிகள் 24 மணி நேரக் கெடு வைத்தன.

குற்றம் என்று எழுத முடியாத, ஆனால் உறுத்துகிற சங்கதிகள்தான் அதிகம். 'முந்தானையைக் கொஞ்சம் இறக்குங்க' என்று ஆரம்பிக்கும். சொன்னவர் 12 பேரில் ஒருவர். மற்ற 11 பேரும் கேமராவைத் தூக்கிவிடுவார்கள். அறையே எதிர்பார்த்து நிற்கும்போது 'முடியாது' என்று சொல்ல எத்தனை புதுமுகத்துக்கு வாய் வரும்? தனியாக ஒருவர் கேட்டிருந்தால் மறுத்திருப்பார். கும்பலின் அழுத்தம் வேறு. போஸ் கொடுப்பதாக நினைத்துத் தோளைத் தொட்டுத் திருப்புகிற கைகள் இன்னொரு வகை. நல்ல ஏற்பாட்டாளர்கள் முதல் நிமிடத்திலேயே இரண்டு விதி சொல்லிவிடுகிறார்கள்: தொடக்கூடாது, வாயால் சொல்லுங்கள். முடி, புடவை எதுவானாலும் ஸ்டைலிஸ்ட் மட்டும்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) இங்கே பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டுமான சட்டம் அல்ல அது. அன்றாடக் கூலிக்கும், சம்பளமே இல்லாமல் வருபவருக்கும் இடம் தருகிறது. அமைப்புசாராத் துறையையும் சேர்த்துக்கொள்கிறது. பத்துப் பேர்கூட வேலை செய்யாத இடத்தில் உள்விசாரணைக் குழு இருக்காது. அதற்காகவே மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம்.

சட்டம் துரத்த வேண்டிய இன்னொரு மோகம், ரயில் தண்டவாளம். லெஹங்காவை விரித்து தண்டவாளத்தில் நடக்கவிட்டு எடுப்பது இன்னும் ஓயவில்லை. ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. வியூஃபைண்டரில் கண்ணை வைத்திருப்பவருக்கும், அவர் சொல்வதைக் கேட்டு முதுகைக் காட்டி நிற்பவருக்கும் ரயில் வருவது தெரியாது என்பது அபராதத்தைவிடப் பெரிய விஷயம்.

▇ பெட்டிச் செய்தி: வெளியே என்ன நடந்தது?
2017: எல்.வி.எம்.ஹெச்., கெரிங் என்ற இரு பிரெஞ்சுப் பெருநிறுவனங்களும் சேர்ந்து, பெரியவர்களுக்கான உடைகளில் 16 வயதுக்குக் கீழானவர்களை நிறுத்துவதில்லை என்று சாசனம் வெளியிட்டன. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து, மாடலின் உடல் பருமனை ரீடச்சில் மாற்றிய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்றது பிரான்ஸ். மீறினால் அபராதம் 37,500 யூரோ.
2018: பிரபல போட்டோகிராஃபர்கள் மீது மாடல்கள் அடுத்தடுத்துப் புகார் சொன்ன சமயத்தில், 'வோக்' பத்திரிகையை நடத்தும் காண்டே நாஸ்ட், மாடலுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், செட்டில் மது கூடாது, உடல் தெரியும் உடைகளுக்கு முன்சம்மதம் வேண்டும் என்று விதி வகுத்தது.
2022: ரீடச் செய்த விளம்பரப் படத்தில் முத்திரை இருக்க வேண்டும் என்றது நார்வே. சமூக வலைத்தளத்தில் காசு வாங்கிப் பதிவு போடுபவர்களுக்கும் சேர்த்தே.

'ஸ்கின்னைக் கொஞ்சம் பிரைட் பண்ணிடலாம்'

கூடத்தில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. மாநிறப் பெண்ணை மாடலாக அழைப்பது இப்போது ஃபேஷன். அழைத்துவந்து இரண்டு ஷேடு வெளுப்பான ஃபவுண்டேஷன் போடுவதும் நிற்கவில்லை. கழுத்துக்கும் முகத்துக்கும் நடுவே கோடு தெரிகிறது. போதாததற்கு சிலிக்கா கலந்த பவுடர் போட்டால், கண்ணுக்குத் தெரியாது. ஃப்ளாஷ் அடித்ததும் கண்ணுக்குக் கீழே திருநீறு பூசியதுபோல் வெளுத்து நிற்கும்.

இதில் கேமராவுக்கும் பழைய பாவம் ஒன்று உண்டு. கலர் பிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்க கோடக் கொடுத்த அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவர் தோல் சரியாக வந்தால் பிரின்ட் சரி. கறுப்புத் தோலின் ஏற்ற இறக்கங்களை பிலிம் விழுங்கிவிட்டது. நிறுவனம் பழுப்பு நிறங்களைக் கவனித்துச் சரிசெய்ததற்கு மரச்சாமான், சாக்லேட் விளம்பரக்காரர்களின் புகாரும் ஒரு காரணம் என்பது கசப்பான நகைச்சுவை.

இன்றைய சென்சாருக்கு அந்தக் குறை இல்லை. இருந்தாலும் கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர் முன் நிறுத்தினால் முகம் இருண்டுபோகும். தெரிந்தவர்கள் முகத்தை மட்டும் அளந்து எடுப்பார்கள். பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் நெருக்கமாக வைத்தால் கறுப்புத் தோலில் ஒளி வழுக்கிக்கொண்டு போகும். கன்ன எலும்பும் தோள்பட்டையும் தனியாக எழுந்து நிற்கும். வெளுப்பான தோலில் இந்தப் பளபளப்பு அவ்வளவு சுலபத்தில் வராது. 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரம் 2009-ல் சென்னையிலிருந்துதான் கிளம்பியது. 2020-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' பெயரையே மாற்றிக்கொண்டது. வொர்க் ஷாப்களில் ஒரு மணி நேரம் இந்த ஒளிப்பாடத்துக்கென்றே ஒதுக்கினால் எடிட்டிங்கில் யாரையும் வெளுக்க வேண்டியிருக்காது.

அடுத்த ஷூட்டுக்கு ஆளே வேண்டாமா?

2025 ஆகஸ்ட் அமெரிக்க 'வோக்' இதழில் வந்த கெஸ் ஆடை நிறுவனத்தின் விளம்பரத்தில் சிரித்த பெண், பிறந்தே இருக்காத பெண். செயற்கை நுண்ணறிவு வரைந்த உருவம். அதே ஆண்டில் ஹெச் அண்ட் எம் நிறுவனம் நிஜ மாடல்கள் 30 பேருக்கு டிஜிட்டல் இரட்டையர்களை உருவாக்கப்போவதாகவும், அந்த இரட்டையர் மீதான உரிமை மாடல்களுக்கே என்றும் அறிவித்தது. பொட்டிக் நடத்துபவர்களுக்குக் கணக்கு எளிது: ஹேங்கரில் தொங்கும் புடவையை மொபைலில் எடுத்துக் கொடுத்தால், கட்டி நிற்கும் பெண்ணை ஆப் தந்துவிடுகிறது. கொசுவத்தை மட்டும் இன்னும் சரியாக வைக்கத் தெரியவில்லை. அதுவும் எத்தனை நாளைக்கோ!

வேலை போவது ஒரு பயம். வொர்க் ஷாப் மாடலுக்கு இன்னொன்றும் உண்டு. ஒரே நாளில், ஒரே முகத்தை, 12 கோணத்தில், நல்ல ஒளியில், உயர் தரத்தில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள்: ஒரு முகத்தைக் கணினிக்குப் பழக்க இதைவிடத் தோதான பொருள் கிடையாது. அது 12 பேரின் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கிறது. 'எந்த மாற்றமும் செய்து பயன்படுத்தலாம்' என்ற அந்தப் பழைய படிவத்தில் கையெழுத்தும் இருக்கிறது.

மாடலின் டிஜிட்டல் நகலை உருவாக்கவோ பயன்படுத்தவோ தனியாக, தெளிவாக, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டிருக்கிறது. 2025 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அங்கே அதற்குப் பின்னால் மாடல்களின் சங்கமான 'மாடல் அலையன்ஸ்' பல ஆண்டுகள் போராடியது. இங்கே ஞாயிற்றுக்கிழமை மாடல்களுக்குச் சங்கம் எதுவும் இல்லை. ஆனால் 'இந்தப் படங்களை ஏ.ஐ. பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற ஒரு வரியைப் படிவத்தில் தட்டச்சு செய்ய ஏற்பாட்டாளருக்கு அரை நிமிடம் ஆகும். வரும் ஞாயிறு ஷூட்டுக்கு வரச்சொல்லி யாராவது உங்கள் வீட்டுப் பெண்ணை அழைத்தால், 'படிவத்தை இன்றைக்கே அனுப்புங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்பதை வைத்தே போகலாமா வேண்டாமா என்று முடிவெடுத்துவிடலாம்.